சமையல்காரம்மாவின் முகம்

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் மூடிப் பல வருடங்களுக்குப் பிறகு அதன் மேல்மாடியில் பொம்மைக்குச் சாயம் பூசும் வேலை வந்தது. கொழுந்தைப் பரப்பி வாடவைக்கும் நீளமான மாடி அது. பழைய தட்டுகளைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிட்டு மேசைகளைப் போட்டார்கள். ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு வெள்ளை விளக்கு தொங்கியது. தோட்டத்தில் ஃபெக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதனால் அது 'பொம்மை ஸ்டோர்' என்று ஆகிவிட்டது. மழை பெய்யும் நாட்களில் சாய வாசனையையும் மீறிப் பலகைகளிலிருந்து பழைய தேயிலை வாசனை எழும்.

நானும் என் மனைவியும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தோம். அதுவரை அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நான் உயர்தர வகுப்புவரை படித்துவிட்டு, ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து, கடைசியில் தலவாக்கலையில் ஓர் இரும்புக் கடையில் நின்றேன். பொம்மை ஸ்டோரில் ஆள் எடுத்த அன்று எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தலையும் மெல்லிய தூரிகையும் கொடுத்து, கண் வரையச் சொன்னார்கள். ஒருத்தியின் பொம்மை கூரையைப் பார்த்தது, இன்னொருத்தியுடையது தன் மூக்கையே பார்த்தது. மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. என் மனைவி வரைந்த தலை நேராகப் பார்த்தது. அவளைக் கண் மேசையில் உட்காரவைத்தார்கள். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வருமென்பதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வரும் மின்னஞ்சல்களை வாசித்து, என்ன நிறம், எங்கே பிழை என்று மேசை மேசையாகப் போய்த் தமிழில் சொல்வதே என் வேலை.

அவை பிள்ளைகள் விளையாடும் பொம்மைகள் அல்ல. வெளிநாட்டில் பெரியவர்கள் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பதற்கானவை. நட்சத்திரங்களுக்கிடையே பயணம் போகும் ஒரு கப்பலைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர், அதில் வரும் மனிதர்கள், ஒரு சாண் உயரத்தில். உடம்புகள் வேறு நாட்டில் வார்க்கப்பட்டு நிறமில்லாமல் வந்து சேரும். நாங்கள் உயிர் கொடுத்துத் திருப்பி அனுப்புவோம்.

எங்கள் மெனேஜர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார். நல்ல மனிதர். முதல் வாரமே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"இது நம்ம பொம்மை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி பொம்மையும் இல்லை. படம் எடுத்த ஆக்களோட பொம்மை. அவங்க லைசன்ஸ் குடுத்திருக்கு. கொஞ்ச காலத்துக்குத்தான். ஒரு பட்டன் நிறம் மாத்தவும் அவங்கள்ட்ட கேக்க வேணும். விளங்கிச்சா?"

கண் மேசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒருத்தி இருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயம். வயது ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள்.

"விளங்குது சேர்," என்றாள் அவள். "நாங்க லயத்து வீட்டுல இருக்கோம். ஆனா வீடு தோட்டத்தோடது. பின்னால ஒரு கூரை இறக்கணும்னாலும் தொரைக்கிட்ட கேக்கணும். அப்புடித்தானே?"

மெனேஜர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படித்தான்," என்றார்.

வேலை பழகப் பழக ஒரு விசயம் எல்லாருக்கும் உறுத்தத் தொடங்கியது. எங்களிடம் வந்த பொம்மைகளில் முக்கால்வாசி அந்தக் கப்பலின் தலைவன்தான். நீலச் சட்டைத் தலைவன். பனிக்கோட்டுத் தலைவன். சண்டையில் சட்டை கிழிந்த தலைவன். ஒரு மாதம் கறுப்புச் சட்டை போட்டு வந்தான். முகம் அதே முகம், கண் அதே கண்.

"இந்த மனுசனுக்கு எத்தன உடுப்பு!" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரருக்குக் கோயிலுக்கு ஒண்ணு, சாவுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். ஏன் தம்பி, கப்பல்ல வேற ஆளே இல்லியா?"

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. மெனேஜரிடம் கேட்டேன். அவர் மின்னஞ்சல்களைக் காட்டி விளங்கப்படுத்தினார். கம்பெனி வாங்கிய உரிமத்தில் ஒரு சிலரின் பெயர்தான் இருந்தது. அந்தச் சிலரைத்தான் செய்யலாம். தலைவனாக நடித்தவர், தன் முகத்தைப் பொம்மையில் போடத் தொடக்கத்திலேயே கையெழுத்து வைத்துவிட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உரிமை வாங்கி, அவரவர் முகத்துக்குச் சம்மதம் கேட்டு, அதற்குப் புது அச்சும் வெட்ட வேண்டும். தலைவனுக்குச் சட்டையை மாற்றினால் போதும், புதுப் பொம்மை ஆகிவிடும். கடைக்காரர்களும் அவனைத்தான் கேட்டார்கள்.

நான் அதை மேசையில் போய்ச் சொன்னபோது அக்கா சிரித்தாள். என் மனைவி தலைநிமிராமல், "அப்ப இன்னும் எத்தன வருசத்துக்கு இந்த ஒரு மூஞ்சியே வரையிறது?" என்று மட்டும் கேட்டாள்.

நிறம் சரிபார்ப்பதற்காகத் தொடரின் துண்டுக் காட்சிகளை அனுப்பியிருந்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் என் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். மொழி விளங்காது. ஆனால் யார் நல்லவர், யார் கள்ளன், யாருக்கு யார் மேல் விருப்பம் என்றெல்லாம் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள். அந்தக் காட்சிகளில் எப்போதாவது ஒரு கிழவி வருவாள். கப்பலின் சமையல்காரி. நல்ல கறுப்பு, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, முழங்கைவரை சுருட்டிய சட்டை. ஒரு காட்சியில் தலைவன் எங்கோ தோற்றுத் திரும்பி வந்து உட்காருவான். மற்றவர்கள் என்னென்னவோ பேசுவார்கள். அவள் ஒன்றும் பேசாமல் ஒரு தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவுவாள். அவன் சாப்பிடுகிறானா என்று ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த இடம் வந்தால் பெண்கள் அமைதியாகிவிடுவார்கள். அவளுக்கு 'சமையல்காரம்மா' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

"இந்தம்மாவுக்குப் பொம்மை இல்லீங்களா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"உரிமத்துல அவங்க பேர் இல்ல."

"யாரு போடல்ல?"

நான் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் அதைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் அம்மாவும் நேரே சொல்லாமல் பாத்திரத்தை ஓங்கி வைத்துச் சொல்வாள். அம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவைத் திரையால் மறித்து ஒரு பாதியில் நாங்கள் இருந்தோம். மனைவிக்குப் பொம்மை ஸ்டோர் பிடித்துப்போனதற்கு அந்தத் திரையும் ஒரு காரணம். அங்கே அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு, ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை. யாரும் அவள் வயிற்றைப் பார்த்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

வெளிநாட்டில் அந்தப் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் விடாமல் கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. தங்கள் அலமாரியில் கப்பல் இருக்கிறது, தலைவன் இத்தனை பேர் இருக்கிறார்கள், சமையல்காரி எங்கே என்று. ஒருநாள் காலையில் மின்னஞ்சல் வந்தது. அந்தப் பாத்திரத்துக்கு உரிமை கேட்டிருக்கிறோம், கிடைக்குமென்று நம்புகிறோம், அதற்குள் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும், உங்களிடமுள்ள மிகச் சிறந்த கையிடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

நான் அதை மேசையில் சொன்னபோது அக்கா எழுந்து நின்று கை தட்டினாள். என் மனைவி தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கையைச் சேலையில் இரண்டு மூன்று முறை துடைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், குறுக்குப் பாதை ஏறும்போது, "அந்தம்மாவுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கு. கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். நான் கவனித்ததில்லை.

சாம்பல் நிறத்தில் உருவம் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் தோலுக்கும் எங்களிடம் ஒரு நிற எண் இருந்தது. உரிமத்தில் இல்லாதவளுக்கு எண்ணும் இல்லை. படத்தைப் பார்த்துக் கலந்துகொள்ளச் சொன்னார்கள். படத்தில் ஒரு காட்சிக்கு ஒரு நிறம். மனைவி ஒரு தகர மூடியில் சாயத்தைக் கலந்து, முதலில் தன் கைமேல் வைத்துப் பார்த்தாள். பிறகு அக்காவின் கைமேல் வைத்துப் பார்த்தாள். அக்கா காலை முழுக்கக் கையை விளக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கறுப்பு பத்தலன்னா சொல்லு புள்ள. மத்தியானம் மலப்பக்கம் போய்க் கொஞ்சம் வெயில்ல நின்னுட்டு வாறேன்."

மாதிரி போனது. பதில் வந்தது. படக் கம்பெனிக்காரர்கள் தோல் நிறத்தை இன்னும் வெளுப்பாக்கச் சொன்னார்கள். விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் வேண்டுமாம். விளம்பரப் படத்தில் அவள்மேல் நல்ல வெளிச்சம் விழுந்திருந்தது.

மனைவியின் மேசைக்குப் போய் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"வெளுக்கச் சொல்றாங்களா?"

"கொஞ்சம்தான்."

அக்கா தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். ஏதாவது பகடி சொல்வாளென்று பார்த்தேன். குனிந்து தூரிகையைக் கழுவத் தொடங்கினாள்.

மனைவி வெளுப்பாக்கினாள். அடுத்த தடவை சுருக்கங்களைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த தடவை, கண் கடுமையாக இருக்கிறது, கனிவாக்குங்கள் என்றார்கள். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது.

"அவங்க எங்கங்க அப்புடிப் பாக்குறாங்க? இருக்குறது எல்லாருக்கும் பத்துமான்னு எண்ணிப் பாக்குற கண்ணு அது. அதப் போய்க் கனிவாக்கச் சொன்னா?"

"சொல்றதச் செய்வோமே. வந்தாப் போதும் இல்லியா?"

"வரணும்தான்," என்றாள். கனிவாக்கினாள்.

அந்த மாதங்களில் நாங்கள் நிறையப் பேசினோம். சமையல்காரம்மா வந்தால் பின்னாலேயே கப்பலின் மெக்கானிக், டொக்டர் என்று மற்றவர்களும் வருவார்கள், மாதிரிகளுக்கென்றே தனி மேசை போட்டு உன் மனைவியை அதற்குப் பொறுப்பாக்குவேன் என்று மெனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். வட்டகொடை ஸ்டேசன் பக்கம் வாடகைக்கு ஒரு சின்ன வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். முன்னால் கண்ணாடி ஜன்னல். மனைவி அந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "மேசய இங்க போடலாம்," என்றாள்.

கடைசி மாதிரியைப் படக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மெனேஜர் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். இனி சமையல்காரியாக நடித்த நடிகையின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி, அது பெரிய காரியமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சம்மதம் வரவில்லை. ஒரு மழைக்காலக் காலையில் வந்த மின்னஞ்சல் மிகவும் சின்னது. நடிகை தன் உருவத்தைப் பொம்மையாக வெளியிட ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இந்தப் பாத்திரத்தை வரிசையிலிருந்து நீக்குகிறோம். மாதிரிகளைப் பூட்டி வைக்கவும். காரணம் எதுவும் இல்லை. அவளுக்கு மிகக் குறைவாகக் கொடுக்கப் பார்த்தார்களோ, வெளுத்த முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றாளோ, பொம்மையாவதே பிடிக்கவில்லையோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனைவியின் மேசைக்குப் போனேன். அவள் பனிக்கோட்டுத் தலைவனுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வேண்டாம்னுட்டாங்களாம்."

"எந்தம்மா?"

"நடிச்சவங்க. தன்னோட முகத்தப் போட வேண்டாம்னு."

அவள் கையிலிருந்த தலையைத் தாங்கியில் நிறுத்தினாள். அக்காவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"இதென்ன கொழுப்பு? இத்தன பேரு இங்க கண்ணு நோகப் பூசிருக்கோம். ஒரு கையெழுத்து வைக்கிறதுக்கு என்னவாம்?"

"சும்மா இருங்கக்கா," என்றாள் மனைவி. "அவங்க மூஞ்சி. அவங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்தான்."

பிறகு தூரிகையை எடுத்து மற்றக் கண்ணையும் வைத்து முடித்தாள். அவள் அழுவாளென்று நினைத்திருந்தேன். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டேசன் பக்கத்து வீட்டைப் பற்றி அவளாகப் பேசவேயில்லை.

சமையல்காரி இல்லாமல் அடுத்த வரிசையில் புதிதாக ஒன்றும் இல்லை. மஞ்சள் சட்டையில் இன்னொரு தலைவனை வெளியிட்டார்கள். சேர்ப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. கடைகள் குறைத்து வாங்கின. உரிமம் முடியும் காலம் வந்தபோது பெரிய பொம்மைக் கம்பெனி ஒன்று கூடுதலாகக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாகவே ஃபெக்டரிகள் இருந்தன. எங்களுக்கு வேலை தந்த கம்பெனி மரியாதையாக நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அதன் கீழ்ப்பகுதியில்தான் விசயம் இருந்தது. உரிமம் முடிந்த பிறகு கையிருப்பில் எதுவும் இருக்கக் கூடாது. ஏற்றுமதியாகாத எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். முகங்கள் உடைவது தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

மெனேஜர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"தோட்டத்துப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமான்னு கேளுங்க," என்றார். கேட்டு எழுதினேன். முடியாது என்று பதில் வந்தது. உரிமம் இல்லாமல் இலவசமாகக் கொடுத்தாலும் அது வெளியிட்டதாகிவிடுமாம்.

பிளாஸ்டிக்கை வெட்ட எங்களிடம் எதுவும் இல்லை. தோட்டத்திலிருந்து கவ்வாத்துக் கத்திகளை இரவல் வாங்கினார் மெனேஜர். தேயிலைச் செடியைக் கழித்து விடுகிற கத்திகள். ஒரு காலத்தில் கொழுந்து அரைத்த கீழ்த்தளத்தில் மரக்குற்றிகளைப் போட்டு, பூசிய கைகளாலேயே வெட்டச் சொன்னோம். நான் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் தலையை வெட்ட யாரும் முன்வரவில்லை. அக்காதான் உட்கார்ந்தாள்.

"வாய்யா தலைவா. எத்தன சட்ட போட்டுக் காட்டின எங்களுக்கு," என்று சொல்லி ஒரே வெட்டு. எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு கத்தி மரத்தில் விழும் சத்தம் மட்டும்தான். சில தலைகள் சரியாக வெட்டுப்படாமல் வழுக்கிப் போய்ச் சுவரில் அடிபட்டன. அவற்றைத் தேடி எடுத்து வந்து மறுபடி வைத்தார்கள். அன்று மாலை அக்காவின் சோற்றுப் பைக்குள் பனிக்கோட்டுத் தலைவன் ஒருவன் இருந்ததைக் கேட்டில் வோச்சர் கண்டுபிடித்தார். பேரனுக்காம். மெனேஜர் ஏசவில்லை. கையை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டிய பிறகு தலைத்துணியால் முகத்தைத் துடைத்தபடி நடந்தாள்.

சமையல்காரம்மாவின் மாதிரிகள் மெனேஜரின் அலமாரியில் இருந்தன. கடைசியாகத்தான் எடுத்தார். முதலில் செய்த, வெளுக்காத மாதிரியும் அவற்றோடு திரும்பி வந்திருந்தது. அதற்கு முந்தின நாளே நான் மனைவியிடம் சொல்லியிருந்தேன், அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம், மெனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார் என்று.

"வேண்டாங்க," என்றாள்.

"உன் கையால செஞ்சது."

"கை என்னோடது. மூஞ்சி அவங்களோடது. வேண்டாம்னு வாயத் தொறந்து சொன்னவங்கள அலமாரியில நிக்கவச்சிப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

கத்தியைத் தன்னிடமே தரச் சொன்னாள். வீடியோவில் முகம் தெரிய வேண்டுமென்பதால் பொம்மையை மல்லாத்தி வைத்தாள். நான் போனின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அவள் கைகள் மட்டும் தெரிந்தன. வெளுத்தவற்றை விரைவாக வெட்டினாள். கடைசியில் அந்தக் கறுத்த முகத்தை வைத்ததும், கத்தியை ஓங்காமல், இரண்டு கையாலும் அழுத்தி மெதுவாக இறக்கினாள். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.

பொம்மை ஸ்டோர் மூடிய பிறகு அவள் மறுபடி, காலையில் கொழுந்துக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதாயிற்று. பேர் கொடுத்த எல்லா நாளும் வேலை கிடைத்துவிடவில்லை. கிடைத்த நாட்களில் மழையில் நனைந்து, காலில் அட்டைக் கடியோடு வந்தாள். விரல்கள் மறுபடி கறை பிடித்துக் கறுத்தன. எனக்கும் இரும்புக் கடையில் இடம் போய்விட்டிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேசுவது குறைந்தது. வீட்டு வேலைக்கு வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று நான் எதிர்த்துப் பேசினேன். ஆனால் அதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

நுவரெலியாவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போனோம். அவர்கள் மத்தியானம் வரச் சொல்லிவிட்டதால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சுற்றுலாக்காரர்கள் வாங்குகிற ஒரு தேயிலைக் கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். உள்ளே கண்ணாடித் தட்டு முழுக்கச் சின்னச் சின்னப் பொம்மைகள். கூடையை நெற்றியில் மாட்டிய கொழுந்து பறிக்கும் பெண்கள். ரோஸ் நிறக் கன்னம், நல்ல வெள்ளை முகம், வாய் நிறையச் சிரிப்பு. எல்லாருக்கும் ஒரே முகம். மனைவி உள்ளே போய் ஒன்றைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பழக்கத்தில் முதலில் கண்ணைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு யாருக்கிட்ட கேட்டிருப்பாங்க?"

கடைக்காரப் பையன் வந்து, வாங்குவதென்றால் எடுக்கலாம், சும்மா தொட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னான். அவள் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். மழை விட்டதும் ஏஜென்சிக்குப் போய் மீதி வேலையை முடித்தோம்.

அவள் போன அன்று அம்மா அழுதாள். அம்மா அழுவாளென்று நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. அக்கா வந்து திருநீறு பூசிவிட்டு, "போற வீட்டுல வாயத் தொறந்து பேசு புள்ள. சும்மா தலயாட்டாத," என்றாள்.

அவள் வேலை செய்யும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்வதே வேலை. பிரச்சினையில்லாத வீடு என்று சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் போன் பேச விடுவார்கள். ஒரு வெள்ளி, கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே ஒரு கடையில் நம் தலைவனைக் கண்டேன் என்றாள். புதுக் கம்பெனி செய்தது. வேறு ஒருவரும் இல்லை, இவன் மட்டும் வரிசையாக நிற்கிறான், இப்போது பச்சைக் கோட்டு என்றாள். கண் எப்படி என்று கேட்டேன். பெட்டிக்குள் இருந்தது, கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்றாள்.

நான் இப்போது தலவாக்கலையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. பொம்மை ஸ்டோரில் என்னோடு இருந்த பெண்களில் சிலருக்கும் நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டோரின் மேல்மாடிக் கூரைத் தகரங்களைத் தோட்டம் கழற்றி விற்றுவிட்டது. உள்ளே மழை பெய்கிறது.

சென்ற மாதம் மனைவி பேசினாள். கிழவி இறந்துபோனாளாம். எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான், இனி இவள் வந்துவிடுவாளே என்று.

"எப்ப வாற?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"இந்த வீட்டு மகளுக்குப் பிள்ளை பெறுற மாசம். இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொன்னாங்க. நான் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா வான்னு சொல்லுவீங்க. வந்து எங்கங்க இருக்கிறது? அந்தத் திரைக்குப் பின்னாலயா?"

நான் போனைக் காதில் வைத்தபடி லயத்து வாசலில் நின்றேன். கீழே வட்டகொடைப் பக்கமாக ரயில் கூவிக்கொண்டு போனது.

"ரயில் போகுதுங்களா?"

"ஆமா."

"அங்க மழையா?"

"மழதான்."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அந்த ஊர்ப் பாசையில் பதில் சொன்னாள். அதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. வைக்கிறேன் என்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.